நம்பாதாரும் நம்மவரே

(கல்விக் கழக வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



“சமயப்பற்று மிகுந்த நம் சமுதாயத்தில் நாத்திகராய் வாழ்தல்” என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு எங்களைப் பணித்திருக்கிறீர்கள். இவ்வவையில் அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் இறைப்பற்று உடையவர்கள். நெற்றியில் திருநீறு உடையோரும் உண்டு. கழுத்தில் சிலுவை அணிந்தோரும் உண்டு. அத்தகைய அவை, “கடவுள் இல்லை என்போர் என்ன சொல்கிறார்கள், கேட்போம்” என்று இடமளித்திருப்பது சிறிய செய்தியன்று. இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக ஊட்டிய கல்வியின் பயன் இது என்றே நாங்கள் கருதுகிறோம்.

இவ்வுரையில் ‘நாங்கள்’ என்னும்போது நம் சமுதாயத்தில் பிறந்து, கடவுள் நம்பிக்கையைக் கைவிட்டு வாழும் சிலரைக் குறிக்கிறோம். ‘நாம்’ என்னும்போது நம்புவோரும் நம்பாதோருமாகிய நம் அனைவரையும் குறிக்கிறோம். இவ்விரண்டு சொற்களும் ஒன்றையொன்று வெட்டாமல் நிற்க முடியுமா என்பதே இன்றைய கேள்வி.

நாம் வாழும் வட்டாரத்தை எண்ணிப் பாருங்கள். 2021ஆம் ஆண்டில் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் முதலிய ஊர்களையெல்லாம் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி அமைந்தது. ஊராட்சி மாறினாலும் தெருவின் நாட்காட்டி மாறவில்லை. ஆடி பிறந்தால் தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் வார்க்கிறோம். ஆகஸ்டு முடியும் வேளையில் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலை நோக்கிக் கால்நடையாய்ச் செல்வோர் சாலையெங்கும் நிறைகின்றனர். கார்த்திகையில் கறுப்பு உடையும், மேல்மருவத்தூர் செல்வோரின் செவ்வாடையும் பெருஞ்சாலையில் கலந்து தோன்றுகின்றன. ஞாயிறு காலையில் ஒரே தெருவில் மூன்று சபைகளின் ஒலிபெருக்கிகள் ஒலிக்கின்றன. இவற்றுக்கிடையே எதிலும் சேராமல் ஒருவன் நின்றால் அவன் தனித்துத் தெரிவான். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 121 கோடி மக்களுள் தம்மை நாத்திகர் எனப் பதிந்துகொண்டோர் ஏறத்தாழ 33 ஆயிரம் பேர் மட்டுமே. வெளியே சொல்லாதவர் இதனினும் பலர் இருக்கக் கூடும். சொல்லாமைக்குக் காரணம் அச்சம் மட்டுமன்று; பெற்றோர் மனம் புண்படுமே என்னும் அன்பும் ஒரு காரணமாகும்.

முதற்கண் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட விரும்புகிறோம். நம் மக்கள் அறியாமையால் மட்டுமே சாமி கும்பிடுகிறார்கள் என்று சொல்லும் நாத்திகர் சிலர் உண்டு. அவ்வாறு சொல்வது வரலாறு அறியாதார் கூற்று. பெரிய கோயிலின் வாயில் அடைக்கப்பட்டிருந்த காலத்தில், எவரிடமும் இசைவு கேளாமல் நாம் தொழக் கூடியவளாய் இருந்தவள் நம் சேரியின் அம்மன். பள்ளிக்கூடத்தின் திண்ணையில்கூட நம்மை ஏற்றாத காலத்தில், நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவை பல ஊர்களில் கிறித்துவ மிஷன் பள்ளிகள். துன்பத்தில் அழுவதற்கு ஓரிடமும், திருவிழாவில் சிரிப்பதற்கு ஒரு நாளும் சமயத்தின் வழியாகவே நம் மூதாதையருக்குக் கிடைத்தன. இதை மறந்து பேசும் நாத்திகம் நம் மக்களிடையே வேர் பிடிக்காது, பிடிக்கவும் தகாது.

எனினும், நாத்திகம் நம்மிடம் எங்கிருந்தோ வந்து புகுந்த சரக்கு என்று சொல்லப்படுவதையும் நாங்கள் ஏற்பதற்கில்லை. சென்னை மாநகரில் 1882 முதல் 1888 வரை ‘தத்துவ விவேசினி’ என்னும் இதழைச் சென்னை இலௌகிக சங்கத்தார் நடத்தினர். கடவுளையும் சாதியையும் அவ்விதழ் ஒருசேரக் கேள்விக்கு உட்படுத்தியது. அதாவது, சுயமரியாதை இயக்கத்துக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்நகரின் தமிழில் இவ்வுரையாடல் தொடங்கிவிட்டது.

இனி, நம் இளைஞர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய நிகழ்ச்சி ஒன்றைக் கூறுகிறோம். 1892ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா மண்டபத்தில் மகாஜன சபைக் கூட்டம் நடந்தது. நீலகிரியின் சார்பில் அதற்கு வந்திருந்தார் அயோத்திதாசப் பண்டிதர். சைவ, வைணவக் கோயில்களில் எம்மவர்க்கும் நுழைய உரிமை வேண்டும் என்று அவர் கேட்டார். அவையிலிருந்த ஒருவர் எழுந்து, உங்களுக்குத்தான் மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பண்ணனும் இருக்கின்றனவே, இச்சாமிகள் உங்களுக்கு எதற்கு என்னும் பொருள்பட விடையளித்தார். அயோத்திதாசர் தளரவில்லை. அவ்வாறெனில் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம் என்றார். நம் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரையேனும் கட்டணமின்றிக் கல்வி தரவும், ஊர்களில் உள்ள தரிசு நிலத்தை நம்மவர்க்கு வழங்கவும் சபை பரிந்துரைக்க வேண்டும் என்று கேட்டார்.

தோழர்களே, இந்நிகழ்ச்சியில் நாம் கருதத் தக்கது யாது? கோயில் வாயிலிலிருந்து பள்ளி வாயிலை நோக்கி நம் முகத்தைத் திருப்பிய கணம் அது. நமது கல்விக் கழகத்தின் வேரைத் தேடினால் அந்தக் கணத்துக்கே செல்லவேண்டும். பின்னர் 1898இல் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்ற பண்டிதர், சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். அவர் நாத்திகர் எனத் தம்மை அழைத்துக்கொண்டவரல்லர், பௌத்தர். ஆயினும் படைத்துக் காக்கும் கடவுள் ஒருவரை வேண்டாத அறநெறியை, உழைக்கும் நம் மக்களின் வாழ்நெறியாக முன்வைத்தவர். தாம்பரம் சானடோரியத்தில் 2005ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நாள்தோறும் அவ்வழியே மின்தொடர்வண்டியில் செல்லும் நம் இளைஞருள் எத்தனை பேர் அப்பெயர் யாருடையது என்று அறிவர்?

பண்டிதரின் வழியில் பேராசிரியர் இலட்சுமி நரசு 1907இல் பௌத்தத்தின் சாரத்தை ஆங்கிலத்தில் நூலாக்கினார். நமக்கு அருகிலுள்ள செங்கல்பட்டில் 1929ஆம் ஆண்டு பிப்ரவரி 17, 18 நாள்களில் முதலாவது மாகாண சுயமரியாதை மாநாடு கூடியது. பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டங்களை ஒழிக்கவும், பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வழங்கவும் அது தீர்மானித்தது. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் பௌத்தம் தழுவியபோது தம் மக்களுக்கு வழங்கிய இருபத்திரண்டு உறுதிமொழிகளில், பழைய தெய்வங்களை வணங்கமாட்டோம் என்பதையும் சேர்த்தே வழங்கினார். ஆகவே, கடவுளைக் கேள்வி கேட்கும் பிள்ளை நம் வீட்டுக்கு அயலான் அல்லன்; நம் மூத்தோர் நடந்த பாதை ஒன்றில் நடப்பவனே ஆவான்.

இனி, அன்றாட வாழ்வின் இடர்ப்பாடுகளைச் சொல்வோம். தெருத் திருவிழாவுக்கு வரி கேட்டு வருகிறார்கள். கொடுத்தால் கொள்கை என்னவாயிற்று என்கிறார்கள். மறுத்தால் ஊரோடு ஒட்டாதவன் என்கிறார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், “தகப்பன் சாமியை இகழ்ந்ததன் பலன்” என்று பக்கத்து வீட்டார் கூறுவது தாயின் காதில் விழுகிறது. பெண் கேட்டுச் சென்றால், “தாலி உண்டா, மந்திரம் உண்டா, ஞானஸ்நானம் உண்டா?” என்னும் கேள்விகள் முதலில் எழுகின்றன. இறந்தபின் கொள்ளி வைப்பதா, செபம் செய்வதா, ஒன்றுமில்லையா என்று உறவினர் பிணத்தருகே நின்று வாதிடுகிறார்கள். நாத்திகரான ஆணைவிட நாத்திகரான பெண்ணின் துன்பம் பன்மடங்கு பெரிது. ஆண் கோயிலுக்குச் செல்லாவிட்டால் ‘அவன் அப்படித்தான்’ என்பார்கள். பெண் விளக்கேற்றாவிட்டால் குடும்பத்துக்கே கேடு என்பார்கள்.

இவை மனத்துன்பங்கள். உயிருக்கே இறுதியான நிகழ்ச்சியும் நம் நாட்டில் உண்டு. இசுலாமியக் குடும்பத்தில் பிறந்து, திராவிடர் விடுதலைக் கழகத்தில் இயங்கிய பாரூக் என்னும் இளைஞர், 2017ஆம் ஆண்டு மார்ச் 16 அன்று கோவையில் கொல்லப்பட்டார். மகனை இழந்த தந்தை, மகன் கொண்ட கொள்கையின் வழியிலேயே தாமும் நடக்கப் போவதாக அறிவித்தார். எந்த மதத்தாராயினும், தம் பிள்ளை ஒருவன் நம்ப மறுப்பதைப் பொறுக்கும் பண்பே அவர்களுடைய சமயத்தின் தரத்தைக் காட்டும் உரைகல் ஆகும்.

இடர்ப்பாடுகளைச் சொன்னோம், வழிகளையும் சொல்லவேண்டும். இளைஞர்களே, சட்டம் உங்களுக்கு அளித்திருப்பவற்றை அறிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, மனச்சான்றின் உரிமை. அரசமைப்பின் 25ஆம் பிரிவு மனச்சான்றின் உரிமையையே முதலில் வைத்து, அதன்பின் மதத்தைப் பின்பற்றும் உரிமையைக் கூறுகிறது. அரசின் ஏற்போ நிதியுதவியோ பெற்ற பள்ளியில், இசைவின்றி எவரையும் வழிபாட்டில் கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தலாகாது என்கிறது 28ஆம் பிரிவு. சிறுவராயின் பெற்றோரின் இசைவு வேண்டும். நீதிமன்றத்தில் கடவுளின் பெயரால் ஆணையிட விரும்பாதவர் உளமார உறுதி கூறலாம் என்று 1969ஆம் ஆண்டு உறுதிமொழிச் சட்டம் இடமளிக்கிறது.

இரண்டாவது, திருமணம். சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1950களில் சென்னை உயர்நீதிமன்றம் கூறிய காலம் ஒன்று இருந்தது. 1967இல் அறிஞர் அண்ணா முதலமைச்சராய் இருந்தபோது இயற்றப்பட்டு, 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்நிலையை மாற்றியது. உறவினரோ நண்பரோ முன்னிலையில், தமக்கு விளங்கும் மொழியில் ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாகச் சொன்னால் போதும், மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும், புரோகிதர் வேண்டுவதில்லை. இது சட்டப்படி இந்துக்கள் எனக் கொள்ளப்படும் இருவருக்கு உரியது. இதற்குப் பொதுவிழா எடுத்து ஊரறியச் செய்யவேண்டும் என்னும் கட்டாயமில்லை என்று 2023இல் உச்சநீதிமன்றமும் தீர்ப்பளித்தது. வெவ்வேறு மதங்களில் பிறந்தோர்க்கும், கிறித்துவக் குடும்பத்தில் பிறந்து திருச்சபைச் சடங்கை விரும்பாதோர்க்கும் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் உண்டு. எம்முறையாயினும் பதிவு செய்யாமல் விடாதீர்கள். பின்னாளில் பெண்ணின் உரிமையைக் காப்பது அந்தப் பதிவே.

மூன்றாவது, சான்றிதழ் பற்றியது. இதில் நம் இளைஞர் மிகுந்த விழிப்புடன் இருத்தல் வேண்டும். பள்ளிச் சான்றிதழில் சாதியும் மதமும் இல்லை எனக் குறிப்பிட 1973ஆம் ஆண்டிலேயே தமிழக அரசு வழி செய்தது. 2019 பிப்ரவரியில் திருப்பத்தூர் வழக்கறிஞர் சினேகா, சாதியும் மதமும் அற்றவர் என வட்டாட்சியரிடம் சான்று பெற்றார். அவரது துணிவைப் போற்றுகிறோம். ஆனால் நம் இளைஞர் அதைக் கண்டு, கொள்கை வேகத்தில் தம் சாதிச் சான்றிதழைத் துறந்துவிடலாகாது. சாதிச் சான்றிதழ் நம் பக்திக்குக் கிடைத்த பரிசன்று. நமக்கு இழைக்கப்பட்ட தீங்குக்கு அரசு தரும் எழுத்துச் சான்று. நாம் கடவுளை மறுத்ததால் நம்மை ஊர்க்கிணற்றில் நீர் இறைக்க விட்டார்களா? வாடகைக்கு வீடு தந்தார்களா? தீண்டாமை நம் நம்பிக்கையைக் கேட்டு வரவில்லை. பிறப்பைக் கேட்டே வந்தது. இந்து, சீக்கியம், பௌத்தம் ஆகிய மூன்றும் அல்லாத வேறு மதத்தைத் தழுவியவரைப் பட்டியல் சாதியாராகக் கொள்வதில்லை என்பதே 1950ஆம் ஆண்டு ஆணையின் இன்றைய வடிவம். அதில் சீக்கியம் 1956இலும் பௌத்தம் 1990இலும் சேர்க்கப்பட்டன. நம்பிக்கையை விட்டவன் வேறொரு மதத்தைத் தழுவியவன் அல்லன். ஆகவே, நாத்திகராக வாழுங்கள். உரிமையை விட்டுக்கொடுக்காமல் வாழுங்கள்.

அடுத்து, நாங்கள் எங்களுக்கென்று வகுத்துக்கொண்ட ஒழுக்கங்களை உங்கள் முன் வைக்கிறோம்.

நாங்கள் எவருடைய வழிபாட்டையும் எள்ளி நகையாடுவதில்லை. அம்மனுக்குக் கூழ் வார்க்கும் தாய் எங்கள் தாய். அடுப்பில் விறகு தள்ளவும், பந்தியில் பரிமாறவும் எங்கள் கைகள் வரும். தீபாராதனையின்போது கைகூப்ப மட்டும் வாரா. இவ்வளவே எங்கள் வேறுபாடு.

கோயில் நுழைவு மறுக்கப்படும் இடத்தில், நம்பிக்கையுடையோர்க்கு முன்னால் நாங்கள் நிற்போம். 2023ஆம் ஆண்டு விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் நம்மவர் நுழைவது தடுக்கப்பட்டது. பூசல் முற்றிக் கோயிலே பூட்டி முத்திரையிடப்பட்டது. “கடவுளே இல்லை என்னும் உங்களுக்கு அங்கே என்ன வேலை?” என்று கேட்கலாம். உள்ளே இருப்பது தெய்வமா கல்லா என்பது எங்களுக்கும் பக்தருக்கும் உள்ள வழக்கு. வாயிலில் நின்று ‘நீ வராதே’ என்பது சாதி. அது நம் இருவருக்கும் பொதுவான வழக்கு. அவ்வாறே, திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் கிறித்துவருக்குள்ளேயே நம்மவரைப் பிரித்து நின்ற சுவரும் நம் அனைவருக்கும் பொதுவான வழக்கே.

இவ்விடத்தில் ஆந்திர நாட்டின் கோரா அவர்களை நினைவுகூர்கிறோம். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்ற அவர், நாத்திகக் கொள்கைக்காகக் கல்லூரி ஆசிரியர் பணியை இழந்தவர்; 1940இல் நாத்திக மையத்தைத் தொடங்கியவர். தம் மூத்த மகளைத் தாழ்த்தப்பட்ட சமூகத்து இளைஞருக்கு மணம் செய்விக்க அவர் முடிவு செய்தார். ஆழ்ந்த இறைப்பற்றுடைய காந்தியடிகள், கடவுளின் பெயருக்கு மாறாகச் சத்தியத்தின் பெயரால் அத்திருமணத்தை நடத்தித் தர இசைந்தார். 1948 சனவரி 30 அன்று அவர் கொல்லப்பட்டபின், மார்ச்சு மாதத்தில் சேவாகிராமத்தில் அத்திருமணம் நடந்தேறியது. நம்புவோர் ஓரடி முன்வந்தார். நம்பாதார் தம் சொந்த வீட்டிலேயே சாதியை அறுத்துக் காட்டினார். சாதிக்குள்ளேயே பெண்ணும் மாப்பிள்ளையும் தேடிக்கொண்டு மேடையில் மட்டும் கடவுளை மறுப்பது எளிது. அதை நாங்கள் நாத்திகமாகக் கணக்கில் கொள்வதில்லை.

ஆனால், வாய்மூடி இராத இடங்களும் எங்களுக்கு உண்டு. வட்டிக்குக் கடன் வாங்கிச் சடங்கு செய்வதை எதிர்ப்போம். பரிகாரம் என்றும் அற்புத சுகம் என்றும் சொல்லி ஏழையின் பணத்தைப் பறிப்பவர், காவி உடுத்தவராயினும் வெள்ளை அங்கி தரித்தவராயினும், அவரைக் கேள்வி கேட்போம். மருந்தை நிறுத்தச் சொல்வோரைத் தெருவில் விடமாட்டோம். 1928இல் மருத்துவர் டேவிட் சவுரிமுத்து காசநோயாளிக்கென நிறுவிய மருத்துவமனையால்தான் தாம்பரத்தின் ஒரு பகுதிக்குச் சானடோரியம் என்றே பெயர் வந்தது. 1937இல் அது அரசிடம் வந்தது, பின்னாளில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கும் புகலிடமாயிற்று. அத்தகைய இடத்துக்கு அருகில் வாழ்ந்துகொண்டு, மந்திரித்த கயிற்றை நம்பி மாத்திரையை விடலாமா? நேர்த்திக்கடன் வைக்க விரும்பும் தாய் வைக்கட்டும். காசநோய் மருந்தை ஆறு மாதமும் தவறாமல் மகன் விழுங்கட்டும். இதில் எங்களுக்கும் தாய்க்கும் சண்டையே இல்லை.

பிள்ளைகள் வளர்ப்பிலும் ஒரு நெறி உண்டு. கடவுள் உண்டென்று பிள்ளையின் வாயில் திணிப்பது தவறெனில், இல்லையென்று திணிப்பதும் தவறே. ஏன், எப்படி என்று கேட்கும் பழக்கத்தைத் தருவோம். விடையை அவர்கள் வளர்ந்து தேடிக்கொள்வார்கள். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக அரசமைப்பில் சேர்க்கப்பட்ட 51ஏ பிரிவும் கூறுகிறதன்றோ?

இறுதியாக, எங்களைச் சார்ந்தோருக்கும் ஒரு சொல். சாவு வீட்டுக்குச் சபையார் பாய் கொண்டுவருகிறார்கள், நாற்காலி கொண்டுவருகிறார்கள், இரவு முழுதும் உடனிருக்கிறார்கள். மருத்துவமனையில் கிடப்பவனைப் பார்க்கப் பழம் வாங்கி வருகிறார்கள். மக்கள் அங்குச் செல்வது போதனைக்காக மட்டுமன்று, இந்தத் துணைக்காகவே பெரிதும் செல்கிறார்கள். அந்தத் துணையை நாமும் தரமுடியாவிட்டால் நம் வாதத் திறமையால் யாதொரு பயனும் இல்லை. குருதிக் கொடையிலும், மாலை நேரப் பாடவகுப்பிலும், துக்க வீட்டின் வாசலிலும் எங்களைக் காணும் மக்களே எங்கள் கொள்கையையும் காது கொடுத்துக் கேட்பார்கள்.

கழகத்தாரிடம் எங்கள் வேண்டுகோள் இரண்டு. கழகத்தின் கூட்டங்களை எந்த ஒரு மதத்தின் வணக்கப் பாடலாலும் தொடங்காமல், அரசமைப்பின் முகவுரையை நம் மாணவர் ஒருவர் தமிழில் உரக்கப் படிக்கத் தொடங்குவோமாக. அதில் இந்துவுக்கும் கிறித்துவருக்கும் பௌத்தருக்கும் எங்களுக்கும் ஒருங்கே இடமுண்டு. இரண்டாவதாக, நம்பாதவன் ஒருவன் இறந்தால், அவன் விரும்பியபடி சடங்கின்றி அடக்கம் செய்யவோ, அவன் உடலை மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கவோ கழகமே முன்னின்று குடும்பத்துக்குத் துணைசெய்ய வேண்டும். தனி ஒரு மனைவியோ மகளோ அந்த வேளையில் உறவினர் அனைவரையும் எதிர்த்து நிற்றல் அரிது. கழகம் உடன்நின்றால் அரிதன்று.

நம் மூதாதையர் கேட்டது கல்வியும் நிலமும் மானமும். அவற்றைப் பெறும் போராட்டத்தில் கும்பிடும் கைகளும் வேண்டும், கும்பிடாத கைகளும் வேண்டும். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் இக்கழகம் ஆயிரமாயிரம் பட்டதாரிகளை ஆக்கித் தருவதாக! அவர்களுள் எவரும் தாம் நம்புவதற்காகவோ நம்பாததற்காகவோ தம் தெருவில் தலைகுனியாதிருப்பாராக!

வாழ்க நம் ஒற்றுமை! வளர்க கல்வி! செய்பீம்!